பிரேக் லைட்டை விழுங்கும் ஃபிளாஷர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆம்புலன்ஸ், மீட்பு கிரேன், சாலைப் பராமரிப்பு வண்டி போன்றவற்றில் ஹெட்லைட், டெயில் லேம்ப் கூட்டுக்குள்ளேயே சின்ன எல்.இ.டி. ஃபிளாஷர்களைப் பதிப்பது பரவி வருகிறது. கூரைமேல் விளக்கு இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். வண்டி மிக நெருங்கி வந்துவிட்டால், முன்னால் போகிறவரின் கண்ணாடியில் கூரை விளக்கு விழாது. ஹெட்லைட் உயரத்தில் மின்னுவதுதான் விழும். ஆகவே பயன் உண்டு. ஆனால் கூரை விளக்குக்கு இது மாற்றாகாது. நேர் எதிரில் பளீரென்று தெரிந்தாலும், பக்கவாட்டில் ஒளி சட்டென்று குறைந்துவிடும்.

பெரும்பாலான தவறுகள் துளை போடும் இடத்தில்தான் நடக்கின்றன. ஹெட்லைட்டில் பல்பைச் சுற்றியுள்ள கிண்ணத்தில் 25 மி.மீ. துளை போட்டால், ரிஃப்ளெக்டரில் அந்த அளவு பரப்பு போய்விடுகிறது. லோ பீமின் வடிவம் கெட்டு எதிரே வருபவரின் கண் கூசும். 60/55 வாட் ஹாலஜன் பல்பின் சூடு எல்.இ.டி.யின் ஆயுளையும் தின்னும். பார்க்கிங் லைட் இருக்கும் மூலையோ, ஒளி வேலை எதுவும் இல்லாத வெற்றுப் பகுதியோதான் சரியான இடம். பின்னால் என்றால் ரிவர்ஸ் லைட் அறை. இண்டிகேட்டர் அறையைத் தொடவே கூடாது: நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை சிமிட்டும் இண்டிகேட்டருக்குப் பக்கத்திலேயே இன்னொன்று வேகமாக வெட்டினால், வண்டி எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்பது பின்னால் வருபவருக்குப் புரியாது.

நிறத்திலும் ஏமாறுகிறார்கள். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் நீல எல்.இ.டி. வைத்தால் வெளியே ஒன்றும் தெரியாது. வெள்ளையை வைத்தாலும் பெரும்பங்கு கண்ணாடியிலேயே நின்றுவிடும். சிவப்புக்குச் சிவப்பு, மஞ்சளுக்கு மஞ்சள். வெள்ளைக் கண்ணாடிக்குப் பின்னால் மட்டும் எந்த நிறமும் எடுபடும்.

வேலை முறை இது. லேம்ப்பைக் கழற்றி, பல்புகளை எடுத்துவிட்டு, ஃபிளாஷரின் பின்பகுதிக்கும் ஒயருக்கும் 40, 50 மி.மீ. இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். துளை போட்ட பிறகு பாடித் தகடு இடிக்கிறது என்று தெரிந்தால், புது லேம்ப் வாங்குவதைத் தவிர வழியில்லை. 3 மி.மீ. பிட்டில் வழித்துளை, பிறகு துளையைப் படிப்படியாக அகலமாக்கும் ஸ்டெப் பிட். டிரில்லை மெதுவாக ஓட்டவேண்டும். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகிக் கட்டிகட்டியாக ஒட்டும். பிட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் தூள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். உள்ளே விழுந்ததைக் காற்றடித்து எடுங்கள். துணியால் ரிஃப்ளெக்டரைத் துடைத்தால் வெள்ளிப் பூச்சு உரிந்து வரும். வெளிக் கண்ணாடியைத் தின்னர், பெட்ரோல் போட்டுத் துடைத்தால் மயிரிழை விரிசல் விடும்.

அடுத்தது, ஃபிளாஷரைச் சுற்றித் துளையை அடைக்கும் சிலிக்கான் பசை. வினிகர் வாடை அடிக்கும் மலிவு ரகம் காயும்போது அமிலம் விடும். ரிஃப்ளெக்டர் வெளுத்துப்போகும், செம்புக் கம்பி பச்சை பூக்கும். நியூட்ரல் கியூர் என்று போட்டதையே கேட்டு வாங்குங்கள். 24 மணி நேரம் காயவிட்டு, ஹோஸ் பைப்பால் பத்து நிமிடம் தண்ணீர் அடித்துப் பார்த்த பிறகே வண்டியில் மாட்டவேண்டும். லேம்ப்பின் பின்னால் இருக்கும் காற்றுத் துவாரத்தையும் சேர்த்து அடைத்துவிடுபவர்கள் உண்டு. மழைக்காலத்தில் உள்ளே வேர்த்து மங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். ஃபிளாஷரின் அலுமினிய உடம்புதான் சூட்டை வெளியே விடுகிறது. அதில் டேப், ஸ்பாஞ்ச் சுற்றக்கூடாது.

ஒயரிங்கைப் பொறுத்தவரை, தலா 10 வாட் உள்ள எட்டு ஃபிளாஷர்கள் ஒன்றாக எரிந்தால் 80 வாட். 12 வோல்ட்டில் அது ஏழு ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. 10 ஆம்பியர் ஃப்யூஸ், பேட்டரியிலிருந்து 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர், ஒவ்வொரு ஃபிளாஷருக்கும் 0.75 போதும். ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும். ஒயர் பாடியில் உரசி ஷார்ட் ஆனால் அதுதான் காப்பாற்றும். தகட்டைக் கடக்கும் இடத்தில் ஒயர் உரசாமல் காக்கும் ரப்பர் வளையம் (கிரமெட்) கட்டாயம். லேம்ப்புக்குப் போகும் ஒயரில் கிள்ளிக் கரண்ட் எடுப்பது சோம்பேறித்தனம். புது வண்டிகளில் கம்ப்யூட்டர் அதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு எச்சரிக்கை காட்டும்.

எங்கள் பார்வையில் ரொம்ப முக்கியமானது, கடைகளில் ரொம்பவும் விட்டுப்போவது, ஒரு சின்ன ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். பிரேக் மிதித்தவுடன் பின்பக்க ஃபிளாஷர்கள் அணையும்படி பிரேக் சுவிட்சோடு அதை இணைக்கவேண்டும். சிவப்பு மின்னலுக்கு நடுவே சிவப்பு பிரேக் லைட் எரிந்தால் யாருக்குத் தெரியும்? இரவில் வெளிச்சத்தைக் குறைக்கும் வசதி உள்ள கன்ட்ரோலராகப் பார்த்து வாங்குவதும் நல்லது.

சொந்தக் காரில் மாட்ட ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017 மே 1 முதல் பிரமுகர்களின் கார்களில்கூடச் சுழல் விளக்கு இல்லை. சாதாரண வண்டியில் முன்பக்கம் சிவப்பு காட்டுவதை மத்திய மோட்டார் வாகன விதி 108 தடுக்கிறது. ஒளித்து வைத்தாலும் அது விளக்குதான். அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் மோட்டார் வாகனச் சட்டப்பிரிவு 182ஏ படி 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஆம்புலன்ஸ்கள் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) வரும்போது அதிகாரிகள் ஒன்று செய்யலாம். ஃபிளாஷர் எல்லாவற்றையும் போடச்சொல்லி, பத்து மீட்டர் பின்னால் நின்று, டிரைவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லவேண்டும், பிறகு இண்டிகேட்டர். இரண்டும் தனியாகக் கண்ணில் படாவிட்டால் ரிலே போட்டுக்கொண்டு வரச்சொல்லித் திருப்பி அனுப்பலாம். ஒரு நிமிட வேலை.

இப்படிக்கு,
வாகன மின்பணியாளர்கள் சிலர்,
திருச்சி.