செயலாளர் ஆண்டறிக்கை 2025: நம் சர்வர்களில் ரூட் யார் கையில்?

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். கூட்டம், சந்தா, வகுப்பு எல்லாம் வழக்கம்போல நடந்தன, கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த வருடம் எங்கள் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது சூடோதான். ரூட் என்பது சர்வரில் எதையும் செய்யக்கூடிய தலைமைக் கணக்கு, அதன் அதிகாரத்தைச் சாதாரணக் கணக்குகளுக்கு அளந்து கொடுக்கும் லினக்ஸ் கருவி சூடோ. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் வரை நம் மூன்று சர்வர்களின் ரூட் பாஸ்வேர்டு எட்டுப் பேருக்குத் தெரியும். யார் எதை மாற்றினார்கள் என்று லாக்கைத் திறந்தால் எல்லா இடத்திலும் ரூட், ரூட் என்றே இருக்கும். அதனால் ரூட் கணக்கைப் பூட்டிவிட்டு, அவரவர் பெயரில் அவரவருக்கு வேண்டிய கட்டளைகளுக்கு மட்டும் சூடோ கொடுத்தோம்.

முதல் வாரமே அடி விழுந்தது. பேக்கப் சர்வரில், யாருக்கு எந்த அனுமதி என்று எழுதியிருக்கும் சூடோயர்ஸ் கோப்பை, அதற்கென்றே உள்ள விசூடோ கருவி இல்லாமல் நானோ என்ற சாதாரண எடிட்டரில் நேராகத் திறந்து திருத்தியதில் ஒரு காற்புள்ளி விட்டுப்போய், அதில் இருந்தது பழைய சூடோ என்பதால் கோப்பு முழுவதையும் ஏற்க மறுத்துவிட்டது. ரூட்டும் பூட்டு, சூடோவும் இல்லை. மானிட்டரைத் தூக்கிக்கொண்டு போய், லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து, டிஸ்கை மவுண்ட் செய்து அந்த ஒரு காற்புள்ளியைப் போட்டோம். விசூடோவாக இருந்தால் சேமிக்கும்போதே எந்த வரியில் பிழை என்று சொல்லியிருக்கும். இப்போது ஆளுக்கொரு கோப்பு, சூடோயர்ஸ்.டி அடைவுக்குள். கோப்பின் பெயரில் புள்ளி வைக்காதீர்கள், வைத்தால் சூடோ அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். இதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு அரை நாள் ஆனது.

அப்புறம் விம் என்ற எடிட்டர். இணையதள அமைப்புக் கோப்பைத் திருத்த இரண்டு பேருக்கு விம்மை சூடோவில் கொடுத்திருந்தோம், ஆனால் விம்முக்குள்ளிருந்தே ஒரு ஷெல் (கட்டளைகளைக் கொடுக்கும் இடம்) திறந்தால் அது ரூட் ஷெல், அதாவது முழுச் சாவியையும் கொடுத்த மாதிரி. அதை சூடோஎடிட் என்று மாற்றிவிட்டோம். அது கோப்பின் நகலைத்தான் எடிட்டரில் திறக்கும், எடிட்டரும் உங்கள் கணக்கிலேயே ஓடும்.

ஜூன் மாதக் கடைசியில் வெளியான சூடோ குறை எங்களை உண்மையிலேயே பதறவைத்தது. 1.9.14 முதல் 1.9.17 வரையிலான சூடோ பதிப்புகளில், சீரூட் (ஓர் அடைவையே முழு டிஸ்க் போலக் காட்டிக் கட்டளையை ஓட்டுவது) வசதி வழியாக, சூடோயர்ஸில் பெயரே இல்லாத ஒருவர்கூட ரூட் ஆகிவிடலாம். மாணவர்கள் கணக்கு வைத்திருக்கும் சர்வரில் 1.9.15 ஓடிக்கொண்டிருந்தது. அதன் இயங்குதளமான உபுண்டுவின் திருத்தம் வந்திருந்ததால் அன்று இரவே போட்டுவிட்டோம்.

பேக்கப் ஸ்கிரிப்ட் மட்டும் இன்னும் பாஸ்வேர்டு கேட்காமல் எல்லாக் கட்டளைக்கும் அனுமதியோடு ஓடுகிறது. அது சரியில்லை, ஜனவரிக்குள் மாற்ற ஒருவர் முன்வர வேண்டும். மற்றவர்கள் இன்றே லாகின் செய்து ‘சூடோ -எல்’ கொடுத்து, வரும் அனுமதிப் பட்டியலில் உங்களுக்குத் தேவைப்படாதது என்ன இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.

செயலாளர்