பாளையங்கோட்டைக்குப் பேசச் சென்னை வழியாகத்தான் போக வேண்டுமா?

தலைமை அலுவலக நிர்வாகத்தினருக்கும் தகவல் தொழில்நுட்பப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

நம் மருத்துவப் பரிசோதனை ஆய்வகக் கிளைகளில் உள் அழைப்புகளை இணைத்துவந்த பழைய இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டிகளைக் கழற்றிவிட்டு, இணையம் வழியாகச் சென்னை சர்வரை நம்பி இயங்கும் ஐ.பி. போன் வைத்த கதை உங்களுக்குத் தெரியும். திட்டம் போட்டதே நீங்கள்தான். அதனால் நேராகப் போன வாரத்துக்கு வருகிறேன்.

சென்னையில் மழை. தலைமை அலுவலகத்தின் இணைய இணைப்பு போய்விட்டது. திருநெல்வேலியில் நல்ல வெயில், மின்சாரம் இருக்கிறது, இணையமும் ஒழுங்காக ஓடுகிறது. ஆனால் எங்கள் ஆய்வகத்தில் ஒரு போன்கூட வேலை செய்யவில்லை. கீழே வரவேற்பறையிலிருந்து மாடியில் இருக்கும் ஆய்வகத்தைக்கூடக் கூப்பிட முடியவில்லை. அந்த அழைப்பும் சென்னை சர்வரைக் கேட்டுத்தானே இணைய வேண்டும்!

அன்று காலை டயாலிசிஸ் எடுத்துக்கொள்ளும் ஒருவரின் ரத்தத்தில் பொட்டாசியம் 6.8 வந்தது. இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடிய அளவு அது. இப்படி ஒரு எண் வந்தால் ரிப்போர்ட் அச்சாகும்வரை காத்திருக்கக் கூடாது, மருத்துவரை உடனே போனில் பிடித்துச் சொல்லி, யாரிடம் சொன்னோம், எத்தனை மணிக்கு என்று பதிவேட்டில் எழுத வேண்டும். டெக்னீசியன் தன் சொந்த செல்போனிலிருந்து அழைத்தார். மருத்துவர் பாளையங்கோட்டை கிளினிக்கில் புறநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாத எண்ணை இந்தக் காலத்தில் யார் எடுக்கிறார்கள்? கிளினிக்கின் லேண்ட்லைன் எங்கேஜ்டாகவே இருந்தது. அது ஏன் என்று பிறகுதான் தெரிந்தது. அதே ரிசல்ட்டைக் கேட்டு அவர்கள் திருநெல்வேலிக் கிளையின் 0462 லேண்ட்லைன் எண்ணைத் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்த எண்ணைத்தான் நீங்கள் பதிவுக் குரலில் பதில் சொல்லும் சென்னை ஐ.வி.ஆருக்குத் திருப்பிவிட்டிருக்கிறீர்களே. கடைசியில் ரத்த மாதிரி எடுத்துவரும் பையனிடம் சீட்டு எழுதிக் கொடுத்து பைக்கில் அனுப்பினோம். நோயாளி பிழைத்துக்கொண்டார். எங்கள் புகாருக்கு மாலையில் வந்த பதில்: ‘இணைப்பு சரிசெய்யப்பட்டது, புகார் முடிக்கப்பட்டது.’

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஒவ்வொரு கிளைக்கும் வெளியே பேச ஓர் உள்ளூர் வழி வேண்டும்.

பெரிய செலவு கேட்கவில்லை. கிளைக்கு, ஐ.பி. போன்களை லேண்ட்லைனோடு இணைக்கும் ஒரு சிறிய கேட்வே பெட்டி, அதில் இரண்டு உள்ளூர் லேண்ட்லைன். சென்னை சர்வர் கிடைக்காவிட்டால் போன்கள் அந்தப் பெட்டியில் பதிவு செய்துகொள்ளும். உள் அழைப்புகள் கட்டடத்துக்குள்ளேயே முடியும், வெளி அழைப்புகள் உள்ளூர் லைனில் போகும். பல கிளை வைத்திருப்பவர்கள் வழக்கமாகச் செய்வதுதான் இது.

இணைப்பு நன்றாக இருக்கும் நாளிலும் இந்த வழி தேவை. பாளையங்கோட்டை கிளினிக்கிலிருந்து சில தெரு தள்ளி இருக்கும் எங்களுக்கு வரும் அழைப்பு, 600 கிலோமீட்டருக்கு மேல் சென்னைக்குப் போய், ‘தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்’ கேட்டு, அதே தூரம் திரும்பி வருகிறது. குரலைத் தரவாக மாற்றும் ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் நொடிக்கு ஏறத்தாழ 87 கிலோபிட் வேண்டும். சென்னை லைனில் அது உள்ளே வர ஒரு முறை, எங்களிடம் திரும்ப ஒரு முறை என்று இரட்டிப்பாகிறது. 11 மணிக்கு எல்லாக் கிளைகளும் ஸ்கேன் படங்களை ஏற்றத் தொடங்கினால் பேச்சு துண்டு துண்டாக வருகிறது. குரல் பாக்கெட்டுகளுக்கு முன்னுரிமை கொடுக்கும் டி.எஸ்.சி.பி. 46 என்ற குறியை ரவுட்டர்கள் மதிக்கும்படி அமைத்திருக்கிறீர்களா என்று கேட்டிருந்தோம். பதில் இல்லை. ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி நொடிக்குள் இருப்பது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் (ஐ.டி.யூ.) சொல்வது உங்களுக்குத் தெரியாததல்ல.

சட்டம் இடம் கொடுக்காது என்று ஒரு அதிகாரி சொன்னார். ஓர் ஊரின் பொதுத் தொலைபேசி அழைப்பைச் சொந்த வலையில் ஏற்றி, இன்னோர் ஊரின் பொதுத் தொலைபேசியில் இறக்கி, எஸ்.டி.டி. கட்டணத்தைத் தவிர்ப்பதைத்தான் விதிகள் தடுத்துவந்தன. உள்ளூர் லைனில் உள்ளூர் மருத்துவரிடம் பேசுவதற்கும் அதற்கும் என்ன தொடர்பு?

உள் எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மதுரையிலும் 201, இங்கேயும் 201. கிளைக்கொரு முதல் இலக்கம் வைத்து நான்கு இலக்கமாக்கினால் முடிந்தது. வெளி லைனுக்கு ஒரு 0, அப்புறம் 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்கு அழைக்க இன்னொரு 0. இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஐ.வி.ஆரில் காத்திருக்கும்போது வரும் வீணை இசையைத் தேர்வு செய்ய மட்டும் ஒரு குழு அமைத்தீர்கள். இசை அருமை, குறை சொல்ல மாட்டோம்.

திட்டம் எதுவானாலும் சென்னையிலேயே போட்டுச் சென்னையிலேயே சோதித்துவிட்டு, எங்களுக்கு ‘ஒத்துழைப்பு தரவும்’ என்று சுற்றறிக்கை வருகிறது. ஏசி எத்தனை டிகிரியில் ஓட வேண்டும் என்பதும் அங்கிருந்துதான் வருகிறது. நெல்லையில் மே மாதம் எப்படி இருக்கும் என்று… சரி, அதை விடுங்கள்.

பணிவாக மறுபடியும் கேட்கிறோம்: ஒவ்வொரு கிளைக்கும் ஓர் உள்ளூர் வழி. எங்கள் 0462 எண் முதலில் எங்களிடம் அடிக்கட்டும், நாங்கள் எடுக்காவிட்டால் சென்னைக்குப் போகட்டும். அமைத்து முடித்ததும் உங்கள் பொறியாளர் ஒருவர் இங்கே வந்து, சென்னைக்கான இணைப்பைக் கையால் பிடுங்கிவிட்டு, மாடிக்கு ஒரு அழைப்பும் அந்தக் கிளினிக்குக்கு ஒரு அழைப்பும் செய்து காட்ட வேண்டும். தயவுசெய்து அந்தச் சோதனையை இரவு 10 மணிக்கு வைக்க வேண்டாம். முற்பகல் 11 மணிக்கு வையுங்கள்.

இப்படிக்கு,
திருநெல்வேலி கிளை ஊழியர்கள் சார்பில்,
ஆய்வகப் பொறுப்பாளர்