அலுமாரிக்கு மேலிருக்கும் பெட்டி

அன்புள்ள அக்காவுக்கு,

அந்தச் சப்பாத்துப் பெட்டி இன்னும் அலுமாரிக்கு மேலேதான் இருக்கிறது. அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு வீட்டைத் துப்புரவாக்கியபோது அம்மா அதை எறியச் சொன்னார், நான் விடவில்லை. உள்ளே உங்கள் பாட்டுகளைப் பதிந்த, விற்காமற்போன முப்பத்தொரு சீடிகள் இருக்கின்றன.

சென்ற வெள்ளிக்கிழமை, என் வாழ்நாளில் முதன்முறையாக, ஓர் இசை நாடகத்தின் பாட்டுத் தொகுப்பைக் காசு கொடுத்து வாங்கினேன். 'கோஸ்ட் குவார்டெட்' என்னும் அந்த இசை நாடகத்தை டேவ் மலோய் எழுதி, 2014 இல் நியூயோர்க்கின் புரூக்ளினில் மேடையேற்றினார். நான்கே பேர் பாடி, வாத்தியங்களையும் தாமே வாசித்து, ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னர் இசைத்தட்டின் எந்தப் பக்கம், எத்தனையாவது பாட்டு என்று அறிவிக்கிறார்கள். ஒரு பெண்ணின் படைப்பை அவள் காதலன் திருடி வெளியிட்டுவிட்டு, அவளுடைய சகோதரியிடமே போய்விடுகிறான். பழிவாங்க அவள் ஒரு கரடியிடம் போக, அது ஒரு குடம் தேனும் நட்சத்திரத் துகளும் இரகசிய ஞானஸ்நானமும் பேயொன்றின் நிழற்படமும் கூலியாகக் கேட்கிறது. விசித்திரமான கதைதான். ஆனால் திருடியவன் வந்த இடத்தில் எனக்கு என் முகத்தைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

ரியூசன் ஆண்டு விழாவுக்கு நாற்பது சீடிகளுடன் போன நீங்கள், பின்னேரம் சைக்கிளில் திரும்பி வந்து, பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, "எத்தனை பேருக்குக் குடுத்தனி?" என்று கேட்டீர்கள். நான் பெருமையோடு விரல் விட்டு எண்ணினேன். உங்கள் கணினியிலிருந்து அந்தப் பாட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றி அறுபத்து மூன்று பேருக்குக் கொடுத்திருந்தேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் போய்க் கீபோர்ட்டின் மேல் துணியை இழுத்து மூடினீர்கள். மேசையில் கிடந்த உறைகளில் பச்சை மையால் 'விலை 150' என்று, உங்கள் பெயரை விடச் சிறிய எழுத்தில், எழுதியிருந்தது.

எனக்கு அப்போது பதினான்கு வயது. திருகோணமலையில் நாம் அறிந்த பாட்டெல்லாம் பாட்டுப் பதிந்து தரும் கடையான றெக்கோடிங் பாரில் பட்டியல் கொடுத்துப் பதிந்தெடுத்தவை அல்லவா? பரப்புவதுதான் பாடியவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்தேன். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. சாக்காக இருந்தாலும் உண்மைதான். ஆனால் நீங்களும் அன்றைக்கே என்னைத் திட்டியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, வீட்டார்தான் உங்கள் பாட்டைக் கெடுத்தார்கள் என்று ஊரெல்லாம் நினைக்க விட்டீர்கள். அப்பா அதைக் கடைசிவரை சுமந்தார். உறவுக்காரர் பலர் இதைப் படிப்பார்கள் என்பதால் அதற்கு மேல் எழுதவில்லை.

நான் அந்தத் தொகுப்பை வாங்கிய இடம், இசைக்காரர் தங்கள் பாட்டுகளைத் தாமே விற்கும் பேண்ட்கேம்ப் இணையத்தளம். தரவிறக்கும் பாட்டின் விலையில் பொதுவாக 15 சதவீதத்தை அவர்கள் எடுக்க, கட்டணச் செலவு போக மீதி இசைக்காரருக்குப் போகிறது. கொரோனா காலத்தில், 2020 மார்ச் 20 அன்று, அந்தப் பங்கையும் ஒரு நாளைக்கு விட்டுக்கொடுத்தார்கள். பிறகு சில வெள்ளிக்கிழமைகளில் அதைத் தொடர்ந்தார்கள். அப்படியொரு வெள்ளிக்காகவே காத்திருந்தேன். குறித்த விலைக்கு மேலும் கொடுக்கலாம் என்றிருந்ததால் கொஞ்சம் கூட்டியே கொடுத்தேன். வங்கியின் குறுஞ்செய்தி வந்த கணத்தில் அந்தப் பச்சை மைதான் நினைவுக்கு வந்தது.

நாடகத்தின் முடிவில் நால்வரும் தங்கள் வாத்தியங்களைப் பார்வையாளரின் கைகளில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் தாமாகக் கொடுக்கிறார்கள், அக்கா. நான் உங்களைக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தேன். அதற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன். அந்த அறுபத்து மூன்று பேரும் கேட்டதற்கு அல்ல.

அவர்களில் ஒருவன் இப்போது உவர்மலையில் இருக்கிறான். போன மாதம் அவன் வீட்டுக்குப் போனபோது, அவனுடைய சின்ன மகள் உங்கள் இரண்டாவது பாட்டை, சரணம் வரைக்கும் பிழையில்லாமல், முணுமுணுத்தபடி படம் கீறிக்கொண்டிருந்தாள். அது யாருடைய பாட்டென்று அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. சொல்லலாமா என்பதை நீங்கள்தான் எனக்கு எழுத வேண்டும்.

உங்கள் தம்பி