கமலாவுக்கு, அந்த மருத்துவமனை பில் விஷயமாக

அன்புள்ள கமலா,

அண்ணனுக்கு ராத்திரியில் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்ததைப் படித்ததும் பதறிப்போனேன், இப்போது வாசல் வரை நடக்கிறார் என்று நீ எழுதியதைப் பார்த்த பிறகுதான் நிம்மதி.

சரி, பணத்துக்கு வருகிறேன். நம் தமிழக அரசு ஓய்வூதியர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் பட்டியலில் இல்லாத மருத்துவமனை, ஒரு பைசா வராது என்று யாரோ சொன்னதை நம்பி பில்லை மடித்து வைத்துவிடாதே. அவசரச் சிகிச்சையென்றால் பட்டியலுக்கு வெளியே சேர்த்திருந்தாலும் செலவைத் திரும்பக் கேட்கத் திட்டத்திலேயே வழி இருக்கிறது, அதைப் பரிசீலிக்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு குழுவும் உண்டு. மத்திய அரசில் ஓய்வு பெற்ற சிவ காந்த் ஜா என்பவர் இதே மாதிரி போராடி, 2018-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது: மருத்துவமனையின் பெயர் பட்டியலில் இல்லை என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது, சிகிச்சை உண்மையிலேயே நடந்ததா என்றுதான் பார்க்க வேண்டும். மனுவில் இதை அவசியம் குறிப்பிடு.

இது யாரும் போடும் தர்மம் இல்லை கமலா. 2014-ல் மாதம் 150 ரூபாய் பிடித்தார்கள், 2018-ல் 350, 2022 ஜூலையிலிருந்து 497, எல்லாம் நம் ஓய்வூதியத்தில் போனதுதான். காப்பீட்டுத் தொகை ஐந்து லட்சம் என்பதை வருஷத்துக்கு என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள், அது நான்கு வருஷத்துக்கும் சேர்த்து, கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து (குறிப்பிட்ட சில பெரிய நோய்களுக்கும் அறுவைச் சிகிச்சைகளுக்கும் பத்து லட்சம் வரை உண்டு).

பட்டியலில் உள்ள மருத்துவமனை என்றால் மட்டும் எல்லாம் சுலபமா என்ன? எனக்கு மூட்டு மாற்றியபோது கையிலிருந்து எதுவும் கட்ட வேண்டாம் என்று சேர்த்துக்கொண்டு, டிஸ்சார்ஜ் அன்று, அந்தச் சிகிச்சைக்கென்று திட்டத்தில் வைத்திருக்கும் பேக்கேஜ் தொகைக்கு மேலே ஆகிவிட்டது என்று தனியாக ஒரு தொகை கேட்டார்கள், ரசீது கொடுங்கள் என்றதும் தயங்கினார்கள், விடாமல் நின்று வாங்கினேன்.

எனக்குப் பெரிய ஆதங்கம் என்னவென்றால், படுக்கையில் சேர்ந்தால்தான் காப்பீடு. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாசாமாசம் வாங்கும் மாத்திரைக்கு அந்த 300 ரூபாய் மருத்துவப்படியை விட்டால் வேறு ஒன்றும் இல்லை, அது எந்த மூலைக்கு? மாத்திரையைப் பாதியாக்கிச் சாப்பிடுகிறவர்களை எனக்குத் தெரியும். சங்கக் கூட்டங்களில் இதைச் சத்தமாகக் கேட்க வேண்டும்.

அப்புறம், டிஸ்சார்ஜ் சம்மரி, அசல் பில்கள், காப்பீட்டு அட்டை, ஓய்வூதியப் புத்தகம் எல்லாவற்றையும் நகல் எடுத்து வை. அவசரமாகத்தான் சேர்த்தோம் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள், அதுதான் முக்கியம். மனு கொடுக்கும்போது ஒப்புகை வாங்காமல் திரும்பாதே. எழுதியதும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு, கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

அண்ணனை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சரோஜா