காலைல எட்டு மணிக்கு இல்ல சார், உச்சைக்கு வந்து அளந்து பாருங்க

மாவட்டத்துல காத்து மாச கவனிக்குற அதிகாரிகளுக்கு வணக்கம்.

நான் மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குப் பக்கத்துல தையல் கடை வச்சிருக்குறவ. உச்சைக்கு கண்ணு எரியுதுன்னு திங்கக்கெழம ரெண்டு தடவ மனு குடுத்தது உங்களுக்கே தெரியும். போன வாரம் ஆள் அனுப்பினீங்க, நன்றி. ஆனா வந்தது காலைல எட்டு மணிக்கு. நாலு வண்டிக்கு புகை சர்டிபிகேட் கேட்டுட்டு, "புகையே தெரியலியேம்மா, தூசியா இருக்கும், ரோட்டுல தண்ணி தெளிக்கச் சொல்லுதோம்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

நான் எழுதிக் குடுத்தது கண்ணுக்குத் தெரியுற புகைய பத்தி இல்ல சார். வெயில் ஏறினா பதினோரு மணிலருந்து மூணு மணி வர கண்ணு கரிக்கும், வெள்ளமா வடியும், ஊசில நூலு கோக்க முடியாது. போன மாசம் ஒரு கல்யாணப் பொண்ணோட பட்டு ப்ளவுஸ்ல கொக்கி வைக்கும்போ கண்ணீர் சொட்டி கறை ஆயிட்டு, பட்டுல தண்ணி பட்டா என்ன ஆகும்னு வீட்டுல கேட்டுப் பாருங்க, புதுத் துணி எடுத்து ராத்திரி முழுக்க இருந்து தச்சுக் குடுத்தேன், கூலியும் போச்சு. கண் டாக்டர் பவர் எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு சொட்டு மருந்து எழுதினாரு. மழக்காரு மூடின நாள்ல எரிச்சலே இல்ல, அன்னைக்கும் அதே வண்டிதான் அதே நெருக்கடிதான். அண்டி ஆபீஸ், அதான் முந்திரி ஆலை, அந்தப் புகை நமக்குப் பழக்கம், அது மணம் வச்சே தெரியும், இது அது இல்ல.

பிளஸ் ஒன் படிக்குற எம் மக பாடத்துலயே இது வருது. எஞ்சின்ல பாதி எரிஞ்ச பெட்ரோலு டீசலு, பங்க்ல பறக்குற ஆவி, பெயிண்ட் அடிக்குற ஒர்க்‌ஷாப் தின்னர், இதெல்லாம் ஹைட்ரோகார்பன். கூடவே எஞ்சின் சூட்டுல உண்டாகுற நைட்ரஜன் ஆக்சைடு. ரெண்டும் வெயில்ல கெடந்து வெந்து ஓசோன், பார்மால்டிஹைடு, அக்ரோலின், பான்னு சொல்லுற ஒரு நைட்ரேட்டுன்னு வேற பொருளா மாறுது. ஓசோன் நெஞ்ச பிடிக்கும், மத்தது கண்ண எரிக்கும். இப்படி வெயில்ல புதுசா உண்டாகுறதுல எது சைலன்சர் புகை டெஸ்ட்ல தெரியும்? எது தண்ணி தெளிச்சா அடங்கும்? வெயிலு ஏறாத எட்டு மணிக்கு எது அங்க இந்த அளவுக்கு இருக்கும்?

அமெரிக்கால லாஸ் ஏஞ்சல்ஸ்ல 1943ல இப்படித்தான் ஊரே கண்ண கசக்கிட்டு நின்னுது, உலகப் போர் நேரம், எதிரி விஷவாயு அடிச்சுட்டான்னு பயந்தாங்க, செயற்கை ரப்பருக்கு கெமிக்கல் செய்யுற ஒரு தொழிற்சாலைய மூடியும் பாத்தாங்க, தீரல. அப்புறம் ஹாகன் ஸ்மிட்னு ஒரு விஞ்ஞானி 1950கள்ல சோதிச்சுத்தான் காரு புகையும் வெயிலும் சேந்து செய்யுற வேலைன்னு காட்டினாரு. நம்ம நாட்டுலயும் 2009லருந்து ஓசோனு இதுக்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு அளவு இருக்கு, ஒரு கன மீட்டர் காத்துல எட்டு மணி நேர சராசரி 100 மைக்ரோகிராம், ஒரு மணி நேரத்துக்கு 180. அளவு வச்சாச்சு, இங்க அளந்து சொல்லுங்கன்னுதான் கேக்கேன்.

ரோடு குண்டும் குழியும், டிப்பர் லாரி ஒண்ணு நின்னா பின்னால அம்பது வண்டி ஆஃப் பண்ணாம உறுமிட்டு நிக்கும், டிராபிக்க கேட்டா ரோட்ட சொல்லுவாங்க, ரோட்ட கேட்டா வேற ஆபீஸ சொல்லுவாங்க, பள்ளிக்கூடம் விட்டு வார பிள்ளைங்க கண்ண கசக்கிட்டே வருது, அதுக்கு யாரு பதில் சொல்லுவா? கோவத்துல எழுதுதேன், மன்னிக்கணும்.

தயவு செஞ்சு ஒரு நாள் உச்சைக்கு வாங்க. ஓசோனையும் ஹைட்ரோகார்பனையும் பதினோரு மணிலருந்து நாலு மணி வர அளங்க, ஒரு நாளோட நிறுத்தாம ஒரு மாசம் அளங்க. ஜங்ஷன்ல மட்டும் போதாது, காத்து போற பக்கத்துல உள்ள வீட்டுப் பகுதிலயும் வைங்க, ஏன்னா இது உருவாக நேரம் எடுக்கும், அதுக்குள்ள காத்து தள்ளிட்டுப் போயிரும். வந்த அளவ எல்லாரும் பாக்குற மாதிரி போர்டுல எழுதிப் போடுங்க. கருவி வைக்க எடம் இல்லன்னா எங்க கடை மொட்டமாடி இருக்கு, கரண்டும் நானே தாறேன், சாவி காலைல ஒம்பது மணிலருந்து எங்கிட்டதான் இருக்கும்.