ஊர் முடிகிற கோடு

ஹில்ஸ்பரோ, ஆரிகன், அமெரிக்கா

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். முட்டி வலி, டாக்டர், ஸ்கேன் என்று இழுத்துவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை, வயசுதான். தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். தங்கச்சிக்கு ரத்தக் கொதிப்பு குறைந்தது என்று எழுதியிருந்தாய், நிம்மதி.

உங்கள் ஊர் மாஸ்டர் பிளான் கூட்டத்தைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. சுவரில் ஒரே ஒரு வரைபடம். உன் அப்பாவின் கரும்பு வயல் அதில் மஞ்சளாகிக் கிடக்கிறது. மஞ்சள் என்றால் குடியிருப்பு என்றுகூட யாரும் சொல்லவில்லை. ‘வேற வழி ஏதும் பாத்தீங்களா சார்?’ என்று நீ கேட்டதற்கு, ‘ஆட்சேபணையை ரெண்டு மாசத்துல எழுதிக் குடுங்க’ என்று பதில்.

இங்கே நான் நடக்கப் போகும் பாதையில், வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் ஊர் முடிந்துவிடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து முடிவதில்லை, அரிவாளால் வெட்டினதுபோல் முடிகிறது. சாலைக்கு இந்தப் பக்கம் நெருக்கமாக வீடுகள், அந்தப் பக்கம் ஹேசல்நட் தோப்பு. நம் ஊராக இருந்தால் இந்நேரம் கல் நட்டு, கலர் கொடி கட்டி, மனை பார்க்க வேனில் ஆள் கூட்டி வந்திருப்பார்கள்.

1973-இல் டாம் மெக்கால் இங்கே கவர்னராக இருந்தபோது வந்த சட்டத்தின் வேலை இது. ஒவ்வொரு நகரமும் தான் எதுவரை வளரலாம் என்று ஒரு கோடு போட்டாக வேண்டும். எங்கள் ஊரும் சேர்ந்த போர்ட்லண்ட் வட்டாரத்துக்குக் கோடு விழுந்தது 1979-இல். 24 ஊர்களுக்கும் சேர்த்து அதைப் பார்த்துக்கொள்வது மெட்ரோ என்கிற அமைப்பு (ரயில் இல்லை, மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மன்றம்).

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர்களுக்கு ஒரு கவலை. ஐம்பது வருடத்தில் இன்னும் பத்து லட்சம் பேர் வருவார்கள், எங்கே வைப்பது? நாலு விதமாகத் திட்டப் படம் போட்டார்கள். போகிற போக்கிலேயே போனால் கோட்டுக்குள் சுமார் 1,21,000 ஏக்கர் புதிதாகச் சேர்க்க வேண்டும். அளவோடு வெளியே பரவினால் 51,000. ஒரு ஏக்கரும் சேர்க்காமல் உள்ளேயே நெருக்கிக் கட்டுவது மூன்றாவது. சுற்றியுள்ள சிறு ஊர்களுக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது நாலாவது, அதற்கு 22,000. எவ்வளவு விளைநிலம் போகும், சாலை எவ்வளவு நெரியும், மனை எவ்வளவு சுருங்கும் என்று நாலுக்கும் ஒரே கணக்கு.

எனக்குப் பிடித்தது அந்த முதல் படம்தான். சும்மா இருந்தால் என்ன ஆகும் என்பதையும் ஒரு திட்டமாக வைத்துக் கணக்குப் போட்டார்களே! நாம் சும்மா இருப்பதற்குச் செலவே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

1994-இல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் தபாலில் கேள்வித்தாள் போனது. சுமார் 17,000 பதில் வந்தது; அதில் ஒன்று என் பக்கத்து வீட்டுப் பெரியவருடையது. எந்தப் படம் வேண்டும் என்று மொட்டையாகக் கேட்கவில்லையாம். புது மனைகளைச் சிறிதாக்கலாமா, கடைகளின் முன்னால் கார் நிறுத்தும் இடத்தைக் குறைக்கலாமா என்று கேட்டார்களாம். ‘படம் எனக்குப் புரியவில்லை, கார் நிறுத்துவது புரியாதா?’ என்று சிரிக்கிறார்.

கடைசியில் நாலில் எதுவுமே அப்படியே ஜெயிக்கவில்லை. கலந்து ஐந்தாவதாக ஒன்று செய்தார்கள்: 14,500 ஏக்கர் மட்டும் சேர்ப்பது, மீதி வளர்ச்சியைப் பீவர்ட்டன், கிரெஷம், எங்கள் ஹில்ஸ்பரோ மாதிரி மையங்களிலும் ரயில் தடத்தை ஒட்டியும் திருப்பிவிடுவது. 1998-இல் மேக்ஸ் என்கிற நகர ரயில் இங்கே வந்தது. ஓரென்கோ நிலையத்தைச் சுற்றிக் கடையும் ஃபிளாட்டுமாக ஒரு குட்டி ஊரே இருக்கிறது.

சொர்க்கம் என்று நினைத்துவிடாதே. ஐம்பது வருடத்துக்கு 14,500 என்றவர்கள் 2002-இல் ஒரே தடவையில் 18,000 ஏக்கருக்கு மேல் கோட்டைத் தள்ளினார்கள். அதில் பெரும்பகுதி டமாஸ்கஸ் பக்கம் (சிரியாவில் இருப்பது இல்லை, இங்கே இருக்கிற ஊர்). பின்னால் அந்த ஊர்க்காரர்களே நகராட்சி வேண்டாம் என்று கலைத்துவிட்டார்கள்! வீட்டு விலையும் ஏறிக்கொண்டே போகிறது. என் மகன் இன்னும் வாடகை வீட்டில்தான். கோடுதான் காரணம் என்பான் அவன். அதுமட்டுமில்லை என்பேன் நான். சாப்பாட்டு மேசையில் தினம் இந்தச் சண்டை.

உனக்குச் சொல்ல வந்தது வேறு. எண்பதுகளின் கடைசியில் இந்தப் பக்கம் ஒரு மேற்குப் புறவழிச்சாலை போடப் பார்த்தார்கள். ‘ஆரிகனின் ஆயிரம் நண்பர்கள்’ என்றொரு அமைப்பு, கூடாது என்று மனு எழுதுவதோடு நிற்கவில்லை. நிபுணர்களை வைத்து, ரயில், நடந்து போகிற தூரத்தில் வீடும் கடையும் என்று சாலையே இல்லாமல் ஒரு மாற்றுத் திட்டத்தைக் கணக்கோடு போட்டுக் கொடுத்தது. அரசின் ஆய்வில் அதையும் ஒரு மாற்று வழியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தச் சாலை வரவே இல்லை.

முப்பது வருஷம் சர்வே சங்கிலி பிடித்தவன் நீ. ஏரிக்கு வரும் வாய்க்கால் எந்த எந்த சர்வே எண்ணில் ஓடுகிறது என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? வீடுகளை எங்கே கட்டினால் அந்த வாய்க்கால் தப்பும் என்று நீயே இரண்டாவது படம் ஒன்று போடேன். ஏக்கர் கணக்கு நான் போட்டுத் தருகிறேன், இங்கே எனக்கு வேறு என்ன வேலை? அந்த இரண்டு மாதக் கெடுவில் இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று உடனே எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்