கூடாரம் அடிக்க வெளிச்சம் வேண்டும்

ஆசிரியருக்கு,

முகாமிட்டுத் தங்கும் பெரிய இசை விழாவுக்குக் கிளம்புகிறவர்கள் மேடை நிகழ்ச்சி நேரங்களை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். நுழைவாயில் எப்போது திறக்கும் என்று கேட்டால் விழிக்கிறார்கள். என் மகளும் நானும் அப்படித்தான் போனோம். கைபேசி வரைபடம் காட்டிய பயண நேரத்தை நம்பினோம். கடைசி ஆறு கிலோமீட்டருக்கே மூன்று மணி நேரம் ஆனது. பிறகு சுமையோடு நடை, பைச் சோதனை, நுழைவு அடையாளமாகக் கட்டும் கைப்பட்டைக்கான வரிசை. உள்ளே நுழைந்தபோது இருட்டிவிட்டது. சரிவான ஈர நிலமே மிச்சம். கைவிளக்கை மகள் பிடிக்க, நான் கூடாரத்துக்கு முளை அடித்தேன். அன்றிரவு அவள் அழுததை என்னால் மறக்க முடியவில்லை.

இந்த நெரிசல் புதிதல்ல: 1969 ஆகஸ்டில் அமெரிக்காவில் நடந்த வுட்ஸ்டாக் இசை விழாவில் சாலைகள் அடைபட்டு, கலைஞர்களையே ஹெலிகாப்டரில் கொண்டுவர நேர்ந்தது.

பொழுது சாய நான்கு மணி நேரம் முன்பே வாயிலை அடையும்படி பின்னோக்கிக் கணக்கிடுங்கள். முடிந்தால் முந்தைய நாளே செல்லுங்கள். ரயிலில் போகிறவர்கள் நிலையத்திலிருந்து கடைசி இணைப்புப் பஸ் எத்தனை மணிக்கு என்று முதலில் பாருங்கள். நண்பர்கள் வாயிலுக்கு வெளியிலேயே ஒன்றுசேர்வது நல்லது; உள்ளே போனபின் அருகருகே இடம் கிடைப்பது அரிது.

அமைப்பாளர்கள் வாயில் திறக்கும், மூடும் நேரங்களை டிக்கெட்டிலேயே பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும்.

- ஒரு வாசகி